நம்ம கிளை நூலகத்துக்கு வயசு என்ன? செட்டிநாட்டு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் நான் உறுப்பினராக இருக்கும் கிளை நூலகத்தின் கதையை எழுதி வைக்கலாம் என்று வாசகர் வட்டத்தில் பேச்சு வந்தது. நானும் வாயைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் என்று பக்கத்து ஊர்க்காரர்களும், "எங்க நூலகத்துக்கும் இப்படி எழுதணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு கிளை நூலகத்துக்கெல்லாம் வரலாறு உண்டா?

நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது கோயிலுக்கும் தலபுராணம் சொல்லத் தெரிந்த ஊர் இது. ஒவ்வொரு வீட்டுக்கும் எந்த மரம் பர்மாவிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். தினமும் காலையில் பேப்பர் படிக்கப் போகும் இடம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் மட்டும், "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே இருந்துச்சு" என்பதோடு நின்றுவிடும்.

வாயிலில் திறப்பு விழாக் கல் இருந்தால் அதைக் காட்டுவார்கள். அது அந்தக் கட்டடம் திறந்த நாள்தான். அதற்கு முன் அதே நூலகம் ஒரு வீட்டு முகப்பிலோ, மாடி அறையிலோ, சத்திரத்திலோ வாடகைக்கு இருந்திருக்கும். கல்லை நம்பி வயதைக் கணக்கிட்டால் இருபது முப்பது ஆண்டு குறைந்துபோகும்.

அப்படியானால் தொடங்கிய ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு எண் போட்டு வரிசையாக எழுதும் பெரிய கணக்குப் புத்தகம் அது. நம் கடைகளில் இருந்த பேரேடு மாதிரியே கெட்டி அட்டை, துணி ஒட்டிய முதுகு. வந்த தேதி, சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை, விலைக்கு வாங்கியதா அன்பளிப்பா என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம் குறிப்பு. எனக்குப் பிடித்தது அதுதான். "கறையான்", "தொலைந்தது, பணம் வசூல்", "மழையில் நனைந்தது" என்று ஒவ்வொரு புத்தகத்தின் முடிவும் அங்கே இருக்கும்.

1-ஆம் எண்ணுக்கு நேரே இருக்கும் தேதிதான் நூலகத்தின் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பதிவேடு கிடைக்க வேண்டுமே! எங்கள் கிளையில் கிடைத்தது இரண்டாவது பதிவேடு. முதலாவது எங்கே என்று விசாரித்தபோது, ஒருமுறை இடம் மாறியபோது பழைய நாளிதழ் கட்டுகளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சரி, பதிவேடு போனால் போகட்டும். விலையைப் பாருங்கள். "2-8-0" என்று இருந்தால் அது இரண்டு ரூபாய் எட்டணா. அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு மாறியது. அதன்பின் 1964 வரை "நயா பைசா", சுருக்கமாக ந.பை. புத்தகத்தில் அச்சிட்ட விலை இதற்கு உதவாது, பழைய அச்சைப் பின்னாளிலும் வாங்கியிருக்கலாம். நூலகர் தன் கையால் பதிவேட்டில் எழுதிய விலைதான் சாட்சி. எங்கள் இரண்டாம் பதிவேட்டின் முதல் சில பக்கங்களில் ஊதா மையில் அணாக் கணக்கு இருக்கிறது. ஆக, அதற்கு முன் நிரம்பிப்போன முதல் பதிவேடும் 1957-க்கு முந்தியதுதான். இவ்வளவு தெரிந்ததே பெரிய விஷயம்.

புத்தகத்தில் 'பசும்பொன்' மாவட்டம் என்று முத்திரை இருக்கிறதே, வேறு ஊரிலிருந்து வந்ததா?

இல்லை, நம்முடையதுதான். இந்தக் கேள்வியை இளைஞர்கள்தான் கேட்கிறார்கள். காரைக்குடி முதலில் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தை 1910-இல் அமைத்தார்கள், தலைமையிடம் வெகுகாலம் மதுரையில் இருந்தது. 1985-இல் மாவட்டம் பிரிந்தபோது நம் பகுதிக்குப் பசும்பொன் முத்துராமலிங்கம் பெயர். 1997-இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு ஊர்ப் பெயர் வைத்தபோது சிவகங்கை ஆனது.

ஒரே அலமாரியில் மூன்று மாவட்ட முத்திரை கிடைப்பது இதனால்தான். தேதித் தாள் கிழிந்துபோன புத்தகம் எந்தக் காலத்தில் வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: மாவட்டம் பிரிந்த மறுநாளே ரப்பர் ஸ்டாம்பு மாறிவிடாது. பழையது தேயும்வரை குத்துகிற அலுவலகங்கள் உண்டு. ஓரிரு ஆண்டு முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னமராவதி, ராயவரம், அரிமளம் பக்கத்து வாசகர்களுக்கு வேறு கணக்கு. அது புதுக்கோட்டைச் சமஸ்தானம். 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974 ஜனவரியில்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அங்கே திருச்சிராப்பள்ளி முத்திரை இருந்தால் அது 1974-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ வந்த புத்தகம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் இரண்டு ராஜ்யத்தில் கிடந்த கதை நூலக முத்திரையிலும் இருக்கிறது பாருங்கள்.

முத்திரை முதல் பக்கத்தில் இல்லையென்றால் உள்ளே புரட்டுங்கள். நூலகங்கள் தங்களுக்கென்று ஒரு பக்க எண் வைத்து, எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தில் ஒரு முத்திரை போட்டு வைப்பது வழக்கம். முன்பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சொந்தமாக்கிக்கொள்ளும் புண்ணியவான்களுக்காக.

அரசு நூலகம் வருவதற்கு முன் இங்கே படிக்க இடமே இல்லையா?

நிறைய இருந்தது. அதனால்தான் நம் பகுதி நூலக வரலாற்றை அரசாணையிலிருந்து தொடங்கக்கூடாது என்கிறேன்.

மேலைச்சிவபுரியில் 1909-இல் சன்மார்க்க சபை தொடங்கியது. வ. பழ. சா. பழனியப்பச் செட்டியார் பொருள் தந்தார், மகிபாலன்பட்டிக் கதிரேசச் செட்டியார் தமிழ் தந்தார். பண்டிதமணி என்று நாம் சொல்வது அவரைத்தான். அடுத்து காரைக்குடி இந்து மதாபிமான சங்கம், 1917. ராய. சொக்கலிங்கம் போன்ற இளைஞர்கள் கூடிய இடம். பாரதியார் 1919-இல் கானாடுகாத்தான் வை. சு. சண்முகம் செட்டியார் அழைப்பில் இந்தப் பக்கம் வந்தபோது சங்கத்துக்கும் வந்தார், அதை வாழ்த்திப் பாட்டும் எழுதினார். கையில் கோலோடு நிற்கும் அவருடைய புகழ்பெற்ற படம் அந்தக் காரைக்குடிப் பயணத்தில் எடுத்ததுதான். சங்கத்துக்குப் போய் வந்த பலர் அதை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தக பீரோவைப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

இந்தச் சங்கங்களில் என்ன நடந்தது? சொற்பொழிவு நடந்தது, வகுப்பு நடந்தது, மீதி நேரத்தில் பத்திரிகை வாசிப்பு. 1920-களில் காரைக்குடியிலிருந்தே ஊழியன், குமரன் என்று பத்திரிகைகள் வந்தன. ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களுக்கு ஊர்ச் செய்தி வேண்டும், ஊரில் இருந்தவர்களுக்குக் கப்பல் செய்தியும் வட்டி நிலவரமும் வேண்டும். படிக்கிற பழக்கம் இங்கே கணக்குப் புத்தகத்தின் வழியாக வந்தது என்பது என் கட்சி. எட்டு வயதில் கடைக்குப் போய்க் கணக்கு எழுதக் கற்ற பையன் பெரியவனானபின் தேவாரமும் படித்தான், பத்திரிகையும் படித்தான்.

பதிப்புத் தொழிலுக்குப் போன நம் ஊர்க்காரர்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ராயவரம் சக்தி வை. கோவிந்தன், தமிழ்ப் பண்ணை சின்ன அண்ணாமலை, முல்லை முத்தையா, தேவகோட்டையிலிருந்து போன வானதி திருநாவுக்கரசு. சக்தி காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்த இன்னொரு ராயவரத்துக்காரர் பின்னால் குழந்தைக் கவிஞர் ஆனார், அழ. வள்ளியப்பா. எந்தக் கிளை நூலகத்தின் பழைய பதிவேட்டைத் திறந்தாலும் பதிப்பகக் கட்டத்தில் இந்தப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சங்கங்கள்தான் பிறகு கிளை நூலகங்களாக மாறினவா?

அப்படி நேர்கோடாகச் சொல்ல முடியாது. சங்கம் சங்கமாகவே இருந்தது. அரசு நூலகம் வேறு வழியில் வந்தது.

1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவிநாசிலிங்கம் செட்டியார். 1950-இல் சட்டம் நடைமுறைக்கு வந்து, மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு அமைந்தது. ஐம்பதுகளில் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது கிளைகள் வேகமாகப் பெருகின. 1972-இல் பொது நூலகத் துறை தனித் துறையானது.

இதற்கெல்லாம் முன்பே, 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நம் பக்கத்துக்கதை இல்லை, இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நூலகத்துக்குக் காசு யார் தருகிறார்கள்? அரசா, செட்டியார் வீடுகளா?

நீங்கள்தான் தருகிறீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. நகராட்சியோ ஊராட்சியோ வசூல் செய்து ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். புத்தகம், நாளிதழ், வாடகை, மின்கட்டணம் இதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான் ஓடுகிறது. கொல்கத்தாவில் இருக்கும் ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை வழியாக வரும் புத்தகங்கள் தனி, அவற்றில் அதன் முத்திரை இருக்கும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகள், ஆண்டில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஆனால் வரி கட்டியாக வேண்டும். ஆள் இல்லாத வீட்டிலிருந்து வந்த பணத்தில் எங்கள் நூலகத்தில் தினமும் மின்விசிறி ஓடுகிறது.

சுவரில் 'புரவலர்கள்' என்று பலகை இருக்கிறதே?

ஆயிரம் ரூபாய் செலுத்தினால் புரவலர், பெயர் பலகையில் ஏறும். அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றினால் திரும்ப மாட்டுவது சந்தேகம்.

கட்டடம் தானமாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

ஊரில் இரண்டு விதமாகவும் உண்டு. இடத்தை எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், நல்லெண்ணத்தில் குறைந்த வாடகைக்கு விட்டுப் பிறகு பேரன் காலத்தில் காலி செய்யச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையைக் குறை சொல்ல மாட்டேன். இருபத்தைந்து புள்ளிக்கு, அதாவது இருபத்தைந்து குடும்பத்துக்கு, பங்குள்ள வீட்டில் ஒரு கையெழுத்து வாங்குவது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியும்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட எளிது, பழைய உறுப்பினர்களைக் கேட்பது. எங்கள் கிளை மூன்று இடம் மாறியிருக்கிறது என்பது எனக்கு ஒரு தையல்காரர் சொல்லித்தான் தெரியும். முதல் இடத்தில் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார்களாம். மழை வந்தால் நாளிதழை மடித்துக்கொண்டு எல்லாரும் ஆல்வீட்டுக்குள், அதாவது உள்ளே இருக்கும் கூடத்துக்குள், போய்விடுவார்களாம். அவர் அங்கே படித்தது தினத்தந்தி கன்னித்தீவு மட்டும்தான். அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

பெரிய வீடுகளில் இருந்த புத்தகங்கள் எல்லாம் எங்கே போயின?

கொஞ்சம் நூலகங்களுக்கு, கொஞ்சம் கறையானுக்கு, மிச்சம் எடைக்கு. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குச்சட்டிக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் விலை உண்டு. அட்டை போன பழைய பாட்டுப் புத்தகத்துக்கு அங்கே மதிப்பில்லை.

அதற்கு மதிப்பு இருக்கிறது என்று கண்ட ஒருவர் கோட்டையூரில் இருந்தார், ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ஏறத்தாழ 1950-இலிருந்து 1992-இல் மறையும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார். புத்தகம் மட்டும் அல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம், சந்தையில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகம் எதையும் விடவில்லை. மற்றவர் எடைக்குப் போட்டதை அவர் காசு கொடுத்து வாங்கினார். மறைந்தபோது சேர்ந்திருந்தது சுமார் ஒரு லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே வைத்து 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆக்கினார்கள். இப்போது தரமணியில் இருக்கிறது.

"நம்ம ஊர்ச் சொத்து வெளியூர் போயிருச்சே" என்று இங்கே ஒரு குறை உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. கோட்டையூர் வெயிலில் கட்டுக் கட்டாக இருந்ததைவிட அங்கே படம் பிடித்துக் குளிரில் வைத்திருப்பது நல்லது. நம் ஊர்க் கடிதத்தைப் பார்க்கப் பஸ் ஏறிச் சென்னை போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்திலேயே பார்க்க விரும்பினால் புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. முதல் பதிப்புகளுக்குப் பெயர்போன தனியார் நூலகம்.

எங்கள் கிராமத்தில் இரண்டு நூலகக் கட்டடம் இருக்கிறது. எது கிளை நூலகம்?

ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பலகை இருந்தால் அது பொது நூலகத் துறையுடையது. ஊராட்சி அலுவலகம் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கட்டடம் இருந்தால், அநேகமாக 2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்குக் கட்டியது. இரண்டுக்கும் கணக்கு வேறு, சாவி வேறு. இரண்டாவதன் சாவி யாரிடம் என்று கேட்டு ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன்.

வீட்டில் ஐயா வைத்திருந்த புத்தகங்கள் பெட்டகத்தில் கிடக்கின்றன. நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து இறக்காதீர்கள். கிளை நூலகத்தில் இடம் குறைவு. பழைய தாளைப் பேண வசதியும் குறைவு. 1900-க்கு முந்திய அச்சு, கையெழுத்து ஏடு, கணக்குச் சிட்டை, இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஓலை இவற்றையெல்லாம் ஆராய்ச்சி நூலகத்துக்குக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் படிக்கும் கதை, அகராதி, இலக்கியம் என்றால் கிளைக்கே போதும். கொடுக்கும் முன் ஒரு பட்டியல் எழுதி, நூலகரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். அன்பளிப்பு என்று பதிவேட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாத புத்தகம் அலமாரிக்குக் கீழேயே இருந்து ஒருநாள் காணாமல் போகும்.

போன ஆண்டு ஒரு ஆச்சி பிளாஸ்டிக் கூடையில் பதினேழு புத்தகம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அவர்கள் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்து முன்னெழுத்துக்கள், பாத்திரத்தில் வெட்டியிருக்குமே, அதே எழுத்துக்கள், இங்கே ரப்பர் ஸ்டாம்பில். அதன் கீழே "ரங்கூன்". நூலகர் லேபிளை எடுத்துப் பசை தடவியதும் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டார்கள். "தம்பி, அந்த எழுத்து மேல ஒட்டிறாதீங்க. எங்க அப்பச்சி தன் கையால குத்துனது."

நூலகர் ஒன்றும் பேசாமல் லேபிளைப் பக்கத்தின் கீழ்மூலையில் ஒட்டினார். பதினேழையும் அப்படியே. எண்கள் வரிசையாக இல்லாமல் மூலையில் இருப்பதாகத் தணிக்கைக்கு வந்தவர் குறிப்பு எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். லேபிள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பழைய புத்தகங்களைக் கழிக்கிறார்களே, அது சரியா?

ஒரு வகையில் சரி. இடம் வேண்டும், இருபது ஆண்டு பழைய வேலைவாய்ப்பு வினாவிடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் கழிவுப் பட்டியல் போடும்போது ஊர் தொடர்பான சிறு வெளியீடுகளும் சேர்ந்து போய்விடுகின்றன. கும்பாபிஷேக மலர், பள்ளி பொன்விழா மலர், நகராட்சி மலர். மெல்லியதாக இருக்கும், முதுகில் பெயர் இருக்காது, யாரும் எடுத்துப் போனதாகப் பதிவும் இருக்காது. வாசகர் வட்டத்தில் இரண்டு பேர் பட்டியல் போடும் சமயத்தில் கூட இருந்தால் போதும். நாங்கள் அப்படி இருந்து நாலு மலரைத் தனியாக எடுத்து வைத்தோம்.

இப்போது யார் வருகிறார்கள்? வரலாறு எழுதினால் யார் படிப்பார்கள்?

காலையில் நாளிதழ் மேசையில் பெரியவர்கள். ஒரே தாளை நாலாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கம். பத்து மணிக்குமேல் போட்டித் தேர்வுப் பிள்ளைகள், இப்போது பெரும்பான்மை அவர்கள்தான். சொந்தப் புத்தகம், சொந்தத் தண்ணீர் பாட்டில், நூலகத்திலிருந்து அவர்களுக்கு வேண்டியது நாற்காலியும் அமைதியும். "இவங்க நூலகப் புத்தகத்தைத் தொடுறதே இல்ல" என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். 1947-இல் அழகப்பர் கல்லூரி வந்தபின் அன்றைய மாணவர்களைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வரலாறு எழுதும் வேலையில் எனக்கு அதிகம் உதவியது அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண்தான். மாவட்டங்கள் பிரிந்த ஆண்டெல்லாம் தேர்வுக்காக மனப்பாடமாக வைத்திருந்தாள். முத்திரைகளை அடுக்கித் தந்தவள் அவள்.

பதிவேட்டைப் பார்க்க எப்போது போகலாம்?

நூலகரிடம் முதல்நாளே சொல்லிவிட்டு, பிற்பகலில் கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று வார விடுமுறை. இரண்டாம் சனியும் பூட்டு. கையில் ஒரு பழந்துணி எடுத்துக்கொள்ளுங்கள், தூசி இருக்கும்.